எக்ஸோஜென் முதல் ஆர்கோனியம் வரை: விண்வெளி அயனிகளை அடையாளம் கண்ட வரலாறு

1970இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிட் பீக் மலைமீது இருந்த 36 அடி வானொலித் தொலைநோக்கியைக் கொண்டு டேவிட் பூல், லூயிஸ் ஸ்னைடர் இருவரும் விண்முகில்களில் ஹைட்ரஜன் சயனைடைத் தேடினார்கள். 88.63 கிகாஹெர்ட்ஸில் அது கிடைத்தது. அதே காலத்தில் சற்று மேலே, 89.19 கிகாஹெர்ட்ஸில், அவர்கள் தேடாத இன்னொரு வரியும் வந்தது. ஓரியன் உட்படப் பல திசைகளில் வந்தது, வலுவாகவும் வந்தது. அன்றுவரை ஆய்வுக்கூடத்தில் அளக்கப்பட்ட எந்த மூலக்கூறுக்கும் அந்த அதிர்வெண் பொருந்தவில்லை. கண்டுபிடித்தவர்கள் அதை எக்ஸோஜென் என்று அழைத்து, அடையாளம் தெரியாத வரியாகவே வெளியிட்டார்கள். ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன் என்ற வரிசையில் மூன்று அணுக்கள் நேர்கோட்டில் நின்று ஓர் எலக்ட்ரானை இழந்த ஃபார்மைல் அயனிதான் அது என்று ஐயமறக் காட்ட ஐந்து ஆண்டுகள் ஆயின.

விண்வெளி மூலக்கூறுகளின் வரலாறு பெரும்பாலும் தொலைநோக்கிகளின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. பெரிய தட்டு, கூர்மையான வாங்கி, உயர்ந்த மலை என்று கதை நகரும். மின்னூட்டமற்ற மூலக்கூறுகளுக்கு அது ஓரளவு பொருந்தும். அவற்றைச் சீசாவில் அடைத்துவைத்து அளந்து, அதிர்வெண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு வானத்தில் தேடலாம். அயனிகளின் வரலாறு வேறு வழியில் சென்றது. அங்கே வானம் முந்திக்கொண்டது. ஆய்வுக்கூடம் பல முறை பின்னால் ஓடிவந்தது. இடையில் இருந்த ஆண்டுகளில் ஒரு வரிக்கு என்ன பெயர் என்பதை வேதியியல் அனுமானமும் குவாண்டம் கணக்கும் தாங்கிப்பிடித்தன. எந்தச் சான்று போதுமானது என்ற அளவுகோலும் இந்த அரை நூற்றாண்டில் பல முறை மாறியிருக்கிறது. அந்த அளவுகோலின் வரலாற்றையே இக்கட்டுரை பின்தொடர்கிறது.

சுழற்சி தரும் சான்று

வாயுநிலையில் தனித்துத் திரியும் மூலக்கூறு எந்த வேகத்திலும் சுழன்றுவிட முடியாது. அதன் சுழற்சி ஆற்றல் குறிப்பிட்ட படிகளில் மட்டுமே அமையும். ஒரு படியிலிருந்து அடுத்த கீழ்ப்படிக்கு இறங்கும்போது வெளிவரும் அலையின் அதிர்வெண்ணை மூலக்கூறின் நிலைமத் திருப்புத்திறன் தீர்மானிக்கிறது. எந்த அணு எவ்வளவு நிறை கொண்டது, எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்ற இரண்டு செய்திகளும் அதில் அடங்கிவிடுகின்றன. நேர்கோட்டு மூலக்கூறானால் வரிகள் ஏறத்தாழச் சம இடைவெளியில் வரும்: முதல் வரி சுழற்சி மாறிலியின் இரு மடங்கு, அடுத்தது நான்கு மடங்கு, அதற்கடுத்தது ஆறு மடங்கு. ஃபார்மைல் அயனியின் மாறிலி 44.59 கிகாஹெர்ட்ஸ், அதன் இரு மடங்கே 89.19.

விண்முகில்களின் வெப்பநிலை முழுப்பூச்சியத்துக்கு மேல் 10 பாகை முதல் சில நூறு பாகை வரைதான். அந்தக் குளிரில் மூலக்கூறுகளின் அதிர்வுகள் எழுவதில்லை. சுழற்சி மட்டும் எழும். அதனால்தான் மில்லிமீட்டர் அலை வானியல் சுழற்சி வரிகளை நம்பி நிற்கிறது. நிபந்தனை ஒன்று உண்டு. மூலக்கூறுக்கு நிலையான இருமுனைத் திருப்புத்திறன் இருந்தாக வேண்டும். சமச்சீரான மூலக்கூறு சுழன்றாலும் வானொலியில் பேசாது. விண்வெளி வேதியியலின் மையத்தில் நிற்கும் மூன்று ஹைட்ரஜன் அயனி இந்தக் காரணத்தால்தான் சுழற்சி நிறமாலைக்கு அகப்படவில்லை. 1980இல் தாகேஷி ஓகா அதன் அகச்சிவப்பு நிறமாலையை ஆய்வுக்கூடத்தில் அளந்தார். 1996இல் தாமஸ் கெபாலும் ஓகாவும் அதை விண்முகில்களில் கண்டார்கள். அதுவும் அகச்சிவப்பில்தான்.

விண்வெளியில் முதலில் இனங்காணப்பட்ட மூலக்கூறு அயனிக்கும் சுழற்சி வரிகளுக்கும் தொடர்பில்லை. 1937இல் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் விண்மீன் ஒளியில் பதிவான சில கூர்மையான உறிஞ்சல் வரிகள் எதனுடையவை என்று தெரியாமல் இருந்தன. 1941இல் கனடாவின் சஸ்காச்சுவானில் அலெக்ஸ் டக்ளஸ், கெர்ஹார்டு ஹெர்ட்ஸ்பெர்க் இருவரும் ஒரு மின்னிறக்கக் குழாயில் அதே வரிகளை எழுப்பி, அவை கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த அயனியின் வரிகள் என்று காட்டினார்கள். வானத்தில் கண்டு, குழாயில் உறுதிசெய்யும் முறை அன்றே தொடங்கிவிட்டது. மூன்று பத்தாண்டுகள் கழித்து மில்லிமீட்டர் அலையிலும் அதே வரிசைதான் திரும்பியது. குழாய் வேலை மட்டும் இம்முறை பன்மடங்கு கடினமாக இருந்தது.

எக்ஸோஜென்

எக்ஸோஜென் செய்தி பரவிய அதே 1970இல் ஹார்வர்டின் வேதியியலாளர் வில்லியம் கிளெம்பரர் நேச்சர் இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். அந்த வரியின் உரிமையாளர் ஃபார்மைல் அயனியாக இருக்கலாம் என்றார். ஹைட்ரஜன் சயனைடில் பதினான்கு எலக்ட்ரான்கள் இருக்கின்றன. நைட்ரஜனை எடுத்துவிட்டு ஆக்சிஜனை வைத்து, ஓர் எலக்ட்ரானை நீக்கினால் ஃபார்மைல் அயனி; அதற்கும் பதினான்கே. எலக்ட்ரான் எண்ணிக்கை ஒன்றானால் பிணைப்புகளின் நீளங்களும் நெருங்கியே இருக்கும். அந்த நீளங்களை மதிப்பிட்டு, சுழற்சி மாறிலியைக் கணக்கிட்டால் விடை 89 கிகாஹெர்ட்ஸை ஒட்டி வருகிறது.

துணிச்சலான வாதம் அது. அன்று மில்லிமீட்டர் அலையில் எந்த மூலக்கூறு அயனியும், வானத்திலோ பூமியிலோ, அளக்கப்பட்டிருக்கவில்லை. இருண்ட முகில்களின் உள்ளே புறஊதா ஒளி நுழைவதில்லை. அங்கே அயனிகள் ஏராளமாக இருக்க முடியும் என்றே பலரும் நினைக்கவில்லை. ஆனாலும் அதிர்வெண் பொருத்தத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் வாதம் மெலிவானது. பதினான்கு எலக்ட்ரான் கொண்ட இந்தச் சிறு குடும்பத்தில் ஹைட்ரஜன் சயனைடு 88.63இலும், அதன் மாற்றியமான ஹைட்ரஜன் ஐசோசயனைடு 90.66இலும், பின்னர் வந்த இரட்டை நைட்ரஜன் அயனி 93.17இலும் நிற்கின்றன. ஏறத்தாழ ஒரே நிறை, ஒரே அளவு. ஆகவே ஒரே பகுதியில் வரிகள். 89.19க்கு எத்தைனல் எனப்படும் கார்பன் தனியுறுப்பு போன்ற வேறு உரிமையாளர்களும் அப்போது முன்மொழியப்பட்டார்கள். 1974இல் அந்தத் தனியுறுப்பு 87.3 கிகாஹெர்ட்ஸ் அருகே தன் சொந்த வரிகளோடு கண்டறியப்பட்டதும் அந்த வழி அடைபட்டது.

கிளெம்பரரின் யோசனைக்கு உண்மையான பலம் 1973இல் வந்தது. அவரும் அவருடைய மாணவராக இருந்த எரிக் ஹெர்ப்ஸ்டும், தனித்து வில்லியம் வாட்சனும், முகில்களின் வேதியியலை அயனி வினைகளின் மேல் கட்டியெழுப்பினார்கள். காஸ்மிக் கதிர் ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குகிறது. அந்த அயனி இன்னொரு ஹைட்ரஜன் மூலக்கூறோடு மோதி மூன்று ஹைட்ரஜன் அயனியாகிறது. அது கார்பன் மோனாக்சைடைச் சந்தித்தால் தன் புரோட்டானைக் கொடுத்துவிடுகிறது. பிறப்பது ஃபார்மைல் அயனி. இவ்வினைகளுக்குத் தொடக்க ஆற்றல் வேண்டாம் என்பதால் கடுங்குளிரிலும் தடையின்றி நடக்கும். கார்பன் மோனாக்சைடு முகில்களில் எங்கும் நிறைந்திருக்கிறது. அப்படியானால் ஃபார்மைல் அயனியும் எங்கும் இருந்தாக வேண்டும். எக்ஸோஜென் அவ்வளவு வலுவாக, அவ்வளவு இடங்களில் ஏன் தெரிகிறது என்பதற்குக் காரணம் கிடைத்தது. ஒரு வரியின் பெயரைத் தீர்மானிக்க, அந்தப் பொருள் அங்கே உண்டாக வழி இருக்கிறதா என்ற கேள்வியும் சான்றாக நுழைந்தது இங்கேதான்.

மூன்று கூறுகள் கொண்ட ஒரு வரி

1974இல் பாரி டர்னர் 93.174 கிகாஹெர்ட்ஸில் இன்னொரு பெயரற்ற வரியை அறிவித்தார். அது தனி வரியாக வரவில்லை; அடுத்தடுத்து மூன்று கூறுகளாகப் பிரிந்து வந்தது. நியூயார்க்கில் ஷெல்டன் கிரீன், ஜான் மாண்ட்கோமரி, பேட்ரிக் தாடியஸ் மூவரும் அதை எடுத்துக்கொண்டு, இரண்டு நைட்ரஜனும் ஒரு ஹைட்ரஜனும் நேர்கோட்டில் அமைந்த அயனியே அது என்று தற்காலிகமாக அடையாளம் சொன்னார்கள். இந்த வரலாற்றிலேயே மிக அழகான பெயரிடல் இதுதான் என்பது என் எண்ணம். அதனால் இதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம்.

நைட்ரஜன் அணுக்கருவின் தற்சுழற்சி எண் 1. அந்தக் கரு முழு உருண்டை அன்று. அதற்கு நான்முனைத் திருப்புத்திறன் உண்டு. சுற்றியுள்ள எலக்ட்ரான்களின் மின்புலச் சரிவோடு அது பிணைந்து, மூலக்கூறின் முதல் சுழற்சிப் படியை மூன்றாகப் பிளக்கிறது. மூன்றின் வலிமைகளும் 3:5:1 என்ற விகிதத்தில் இருந்தாக வேண்டும். டர்னரின் வரியில் 93.1719, 93.1738, 93.1763 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இடங்களில் மூன்று கூறுகள் நின்றன. ஆக, உள்ளே நைட்ரஜன் இருக்கிறது என்று வரியின் வடிவமே சொல்லிவிட்டது. கூறுகளுக்கு இடைப்பட்ட தொலைவு எவ்வளவு என்பதைக் குவாண்டம் கணக்கு சொல்ல வேண்டும். கிரீன் குழுவினர் அணுக்களின் இடைத்தொலைவுகளையும் நான்முனைப் பிணைப்பையும் கணக்கிட்டார்கள். இரண்டும் ஒத்துவந்தன.

இரட்டை நைட்ரஜன் அயனியில் இரண்டு நைட்ரஜன் கருக்கள் இருக்கின்றனவே, இரண்டாவது எங்கே? ஹைட்ரஜனை ஒட்டி உள்ளே இருக்கும் நைட்ரஜனின் பிணைப்பு மெலிது. அது பெரிய கூறுகளை இன்னும் நுண்ணிதாகப் பிளக்கும். வாயு கொந்தளிக்காத, வரிகள் மிகக் குறுகியிருக்கும் முகில் ஒன்றைத் தேர்ந்து பார்த்தால் அது தெரிய வேண்டும். 1975இல் தாடியஸும் டர்னரும் அப்படிப் பார்த்தார்கள். கணித்த நுண்பிளவுகள் அங்கே இருந்தன. ஒரே ஒரு சுழற்சித் தாவலின் உள்ளமைப்பை வைத்து, ஆய்வுக்கூட அளவீடு எதுவும் இல்லாமல், ஓர் அயனிக்குப் பெயர் நிலைபெற்றுவிட்டது.

எக்ஸோஜெனுக்கு இந்த வாய்ப்பு இல்லை. சாதாரணக் கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் அணுக்கருத் தற்சுழற்சி சுழியம். அதன் வரி பிளவுபடாமல் ஒற்றையாகவே வரும். உள்ளே நைட்ரஜன் இல்லை என்று அது சொல்லும். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாது. அதற்கு வேறு இரண்டு வழிகள் மிஞ்சின. ஒன்று, கார்பன்-13 கொண்ட ஃபார்மைல் அயனியை வானத்தில் தேடுவது. நிறை கூடினால் அதிர்வெண் எவ்வளவு இறங்கும் என்பதை அமைப்பிலிருந்து முன்கூட்டியே கணிக்கலாம். ஸ்னைடரும் உடனிருந்தவர்களும் 86.754 கிகாஹெர்ட்ஸில் அதைக் கண்டு 1976இல் வெளியிட்டார்கள். மற்ற வழி, அயனியைப் பூமியில் உண்டாக்குவது.

மின்னிறக்கக் குழாய்

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கிளாட் வூட்ஸ் தம் மாணவர்களோடு அந்த வேலையில் இறங்கியிருந்தார். நீண்ட கண்ணாடிக் குழாய். இரு முனைகளிலும் மின்வாய்கள். உள்ளே மிகக் குறைந்த அழுத்தத்தில் வாயு. வெளிச்சுவரைக் குளிர்விக்கத் திரவ நைட்ரஜன். குழாயின் நீளவாக்கில் நுண்ணலை ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். மின்னிறக்கம் ஏற்பட்டதும் வாயு ஒளிரும். ஆனால் ஒளிரும் வாயுவில் அயனிகளின் பங்கு மிகமிகச் சொற்பம். உண்டான அயனி எலக்ட்ரானைச் சந்தித்தால் உடைந்துபோகும், சுவரைத் தொட்டால் மின்னூட்டத்தை இழக்கும். மீதி எல்லாம் நடுநிலை மூலக்கூறுகள். அவற்றின் ஆரவாரத்துக்கு நடுவே ஒரு மெல்லிய உறிஞ்சலைப் பிரித்தெடுக்க வேண்டும்.

1975இன் தொடக்கத்தில் டிக்சனும் வூட்ஸும் கார்பன் மோனாக்சைடு அயனியின் சுழற்சி வரிகளை வெளியிட்டார்கள். நுண்ணலையில் அளக்கப்பட்ட முதல் மூலக்கூறு அயனி அதுதான். அதே ஆண்டின் பிற்பகுதியில் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கலந்த மின்னிறக்கத்தில் ஃபார்மைல் அயனி அகப்பட்டது. அதிர்வெண் 89,188.5 மெகாஹெர்ட்ஸ். எக்ஸோஜெனுக்கு வானத்தில் குறிக்கப்பட்ட 89,190 மெகாஹெர்ட்ஸுக்கும் இதற்கும் உள்ள சிறு வேறுபாட்டைப் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை. இந்த அலைப்பகுதியில் 1 மெகாஹெர்ட்ஸ் என்பது முகிலின் வேகத்தில் நொடிக்கு 3.4 கிலோமீட்டருக்குச் சமம். முகிலின் வேகத்தை எவ்வளவு துல்லியமாக அறிகிறோமோ அவ்வளவுக்குத்தான் வானத்து அதிர்வெண்ணும் துல்லியம். மறு ஆண்டு அதே ஆய்வுக்கூடம் இரட்டை நைட்ரஜன் அயனியையும் குழாயில் அளந்தது. நியூயார்க் குழுவின் வாதம் முற்றிலும் சரியாக இருந்தது.

இந்த இரண்டு அயனிகளும் பிறகு விண்மீன் பிறப்பை ஆராய்வோரின் அன்றாடக் கருவிகளாகிவிட்டன. இரட்டை நைட்ரஜன் அயனியைக் கார்பன் மோனாக்சைடு அழித்துவிடும். புரோட்டானைப் பறித்துக்கொண்டு தானே ஃபார்மைல் அயனியாகும். முகில் மிகக் குளிர்ந்து கார்பன் மோனாக்சைடு தூசிமேல் பனியாக உறைந்த இடங்களில் மட்டும் இரட்டை நைட்ரஜன் அயனி பிழைத்திருக்கும். 2013இல் டிடபிள்யூ ஹைட்ரே என்ற இளம் விண்மீனின் வட்டில் அந்த அயனியின் வளையத்தை அல்மா தொலைநோக்கிக் கூட்டம் படம்பிடித்தது. உள்விளிம்பு எங்கே தொடங்குகிறதோ அதுவே கார்பன் மோனாக்சைடு உறையும் எல்லை.

காந்தப்புலம் வந்த பிறகு

1981இல் தாடியஸ், மிஷேல் கெலான், ரிச்சர்ட் லிங்க் ஆகியோர் ஓரியனிலும் தனுசு மண்டலத்திலும் முழு எண் விகிதத்தில் அடுக்கி நின்ற வரிகளைக் கண்டு, ஃபார்மைல் அயனியின் ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகம் அமர்ந்த அயனி என்று அடையாளம் சொன்னார்கள். விஸ்கான்சின் குழு அதே ஆண்டே குழாயில் உறுதிசெய்தது. வானத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் இடையிலிருந்த ஐந்தாண்டு இடைவெளி சில மாதங்களாகச் சுருங்கிவிட்டது.

1983இல் ஃபிராங்க் டி லூசியா, ஹெர்ப்ஸ்ட் முதலியோர் செய்த மாற்றம் எளிமையானது, விளைவோ பெரிது. குழாயின் அச்சுக்கு இணையாகக் காந்தப்புலம் கொடுத்தார்கள். எதிர்மின்வாயை ஒட்டிக் குட்டையாக நிற்கும் எதிர்மின் ஒளிர்வு குழாய் முழுதும் நீண்டுவிட்டது. அயனிகள் அடர்ந்திருக்கும் பகுதியும் அதுவே. சமிக்ஞை பல பத்து மடங்கு உயர்ந்தது. இதைவிட மதிப்புள்ள இன்னொரு பயனும் இருந்தது. காந்தப்புலத்தைக் கூட்டும்போது ஒரு வரி பெரிதாக எழுந்தால் அது அயனி. எழாவிட்டால் நடுநிலை மூலக்கூறு. மின்னூட்டம் உண்டா இல்லையா என்பதற்கே ஒரு நேரடிச் சோதனை கிடைத்தது.

அந்தப் பத்தாண்டில் புரோட்டான் ஏற்ற கார்பன் டைஆக்சைடு, புரோட்டான் ஏற்ற ஹைட்ரஜன் சயனைடு, ஹைட்ரோனியம் என்று பட்டியல் நீண்டது. ஃபார்மைல் அயனியின் மாற்றியம் ஒன்று தனியே குறிப்பிடத்தக்கது. ஹைட்ரஜன் கார்பனோடு ஒட்டாமல் ஆக்சிஜனோடு ஒட்டிய வடிவம் அது. ஆற்றலில் மிக மேலே நிற்பது. 1982இல் வூட்ஸின் ஆய்வுக்கூடம் அளந்ததும், மறு ஆண்டே தனுசு மண்டல முகிலில் 89.487 கிகாஹெர்ட்ஸில் ஒற்றை வரி கிடைத்தது. ஆய்வாளர்கள் அதைத் தற்காலிகம் என்றே வைத்தார்கள். நெருக்கடியான அந்த முகிலில் ஒற்றை வரியை நம்புவது ஆபத்து என்று அவர்களுக்குத் தெரியும். 1995இல் லூசி சியூரிஸ், ஆல்டோ அப்போனி இருவரும் மேல்தாவல்களையும் கண்ட பிறகே பெயர் உறுதியானது. பன்னிரண்டு ஆண்டுகள் அந்தச் சொல்லைத் தாங்கியிருந்த பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

வானொலியில் பேசாத மூன்று ஹைட்ரஜன் அயனிக்கும் ஒரு வழி பிறந்தது. ஒரு ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் புகுந்தால் சமச்சீர் உடையும், இருமுனை பிறக்கும். 1984இல் லில் நகரக் குழுவும் விஸ்கான்சினில் வூட்ஸின் குழுவும் அதன் 372.4 கிகாஹெர்ட்ஸ் வரியை அளந்தன. வானத்தில் அது 1999இல் கிடைத்தது. 2003இல் பாவோலா கசெல்லி குழு எல்1544 என்ற விண்மீன்-முன் கருவில் அதை மிக வலுவாகக் கண்டது. கார்பனும் நைட்ரஜனும் கொண்ட மூலக்கூறுகள் உறைந்து மறைந்த உள்ளறையில் கடைசிவரை வாயுவாக நிற்பவை இந்த அயனிகளே.

எதிரயனிகள்

முதல் முப்பது ஆண்டுகளில் கிடைத்த அனைத்தும் நேரயனிகள். எலக்ட்ரானைக் கூடுதலாகப் பெற்ற எதிரயனிகளும் இருக்கலாம் என்று ஹெர்ப்ஸ்ட் 1981இலேயே எழுதியிருந்தார். பொருத்தமான அதிர்வெண்கள் ஆய்வுக்கூடத்தில் அளக்கப்படாத வரை தேடல் முன்னேற வழியில்லை.

விடை 1995 முதலே கண்முன் கிடந்தது. ஜப்பானின் நோபயாமா 45 மீட்டர் தொலைநோக்கியில் கென்டாரோ கவாகுச்சி குழுவினர் ஐஆர்சி+10216 என்ற கார்பன் விண்மீனின் உறையை 28 முதல் 50 கிகாஹெர்ட்ஸ் வரை அலசினார்கள். முழு எண் விகிதத்தில் ஒரு வரித்தொடர் வந்தது. சுழற்சி மாறிலி 1377 மெகாஹெர்ட்ஸ் என்பதால் அதை பி1377 என்று குறித்தார்கள். ஆறு கார்பன் கொண்ட சங்கிலியின் அளவு அது. ஆனால் அறியப்பட்ட ஆறு கார்பன் தனியுறுப்பின் வரிகள் இரட்டையாக வரும். அதில் இணையற்ற எலக்ட்ரான் ஒன்று இருக்கிறது. பி1377 இரட்டிக்கவில்லை. எலக்ட்ரான்கள் எல்லாம் இணைசேர்ந்த மூலக்கூறு என்று பொருள். 2000இல் ஆவோகி செய்த கணக்கு அந்தத் தனியுறுப்பே ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாகப் பெற்ற எதிரயனியாக இருக்கலாம் என்று சுட்டியது.

2006இல் ஹார்வர்டு-ஸ்மித்சோனியன் மையத்தில் மைக்கேல் மெக்கார்த்தி, கார்ல் காட்லிப், ஹர்ஷல் குப்தா, தாடியஸ் நால்வரும் அந்த எதிரயனியை மின்னிறக்கத்தில் உண்டாக்கி அளந்தார்கள். மாறிலி அப்படியே பொருந்தியது. ரிஷப மண்டலத்தின் டிஎம்சி-1 முகிலிலும் அதே வரிகளைத் தேடிக் கண்டார்கள். பதினோராண்டு கேள்விக்கு விடையோடு முதல் விண்வெளி எதிரயனியும் கிடைத்தது. எக்ஸோஜெனுக்கு நடந்ததே இங்கும் நடந்திருக்கிறது: வானத்து வரி, எலக்ட்ரான் எண்ணிக்கையிலிருந்து எழுந்த வாதம், கணக்கு, கடைசியில் குழாய். நான்கு, எட்டு கார்பன் சங்கிலிகளின் எதிரயனிகள் மறு ஆண்டே வந்தன. 2010இல் சயனைடு அயனியும் சேர்ந்தது.

முப்பத்தாறும் நாற்பதும்

ஹைட்ரஜன் ஒன்றோடு இணைந்த சிற்றயனிகள் இலேசானவை. நிலைமத் திருப்புத்திறன் குறைவு என்பதால் அவற்றின் வரிகள் நூற்றுக்கணக்கான கிகாஹெர்ட்ஸுக்கு மேலே எழுகின்றன. அங்கே பூமியின் நீராவி வானத்தை மறைக்கிறது. 2009இல் ஏவப்பட்ட ஹெர்ஷல் விண்கலம் அந்தத் திரையை விலக்கியது. ஹைட்ராக்சில் அயனி, நீர் அயனி, குளோரின் அயனிகள் ஆகியவை அடுத்தடுத்து வந்தன. அவற்றில் நின்று பார்க்க வேண்டியது ஒன்று.

ஹெர்ஷல் காட்டிய நிறமாலைகளில் 617.5 கிகாஹெர்ட்ஸில் ஓர் உறிஞ்சல் வரி பல திசைகளில் தெரிந்தது. யாராலும் பெயர் சொல்ல முடியவில்லை. ஆர்கானும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஆர்கோனியம் 1980களிலேயே காந்தப்புலக் குழாயில் அளக்கப்பட்ட அயனிதான். அதன் முதல் வரி 615.86 கிகாஹெர்ட்ஸ் என்று பட்டியல்களில் இருந்தது. அந்த இடத்தில் வானத்தில் எதுவும் இல்லை. ஆனால் பட்டியலில் இருந்தது ஆர்கான்-40. நம் காற்றில் உள்ள ஆர்கானில் 99 சதவீதத்துக்கு மேல் அதுவே; பாறைகளில் பொட்டாசியம்-40 சிதைந்து உண்டானது. விண்மீன்களின் உள்ளே அணுக்கரு வினைகளில் பிறப்பது ஆர்கான்-36. நிறை நான்கு அலகு குறைந்தால், இலேசான ஹைட்ரஜன்தான் பெரும்பங்கு சுழல்வதால், ஒடுக்கப்பட்ட நிறை 0.27 சதவீதம் மட்டுமே இறங்கும். 615.86ஐ அவ்வளவு உயர்த்தினால் 617.5 வருகிறது.

2013இல் மைக்கேல் பார்லோ குழு நண்டு நெபுலாவில் 617.5, 1234.6 கிகாஹெர்ட்ஸ் வரிகள் இரண்டையும் கண்டு ஆர்கோனியம் என்று அறிவித்தது. மந்த வாயு கொண்ட மூலக்கூறு வானத்தில் கிடைத்தது அதுவே முதல் முறை. அதுவும் 1054இல் வெடித்த விண்மீனின் எச்சத்தில். மறு ஆண்டு பீட்டர் ஷில்கே குழு, வெளிமுகில்களில் தெரிந்த பெயரற்ற வரியும் இதுவே என்று காட்டியது. ஹைட்ரஜன் மூலக்கூறு அநேகமாக இல்லாத, அணு ஹைட்ரஜன் மட்டுமே நிறைந்த வாயுவில்தான் ஆர்கோனியம் வாழும். ஆக, மூலக்கூறே இல்லாத இடத்தைச் சுட்டும் மூலக்கூறு அது.

ஹீலியம் ஹைட்ரைடு அயனிக்கு ஆய்வுக்கூடம் வெகுவாக முந்தியது. 1925இலேயே அது குழாயில் அறியப்பட்டது. பேரண்டத்தில் முதலில் பிறந்த மூலக்கூறு அதுவே என்பது வேதியியல் கணிப்பு. 1970களில் என்ஜிசி 7027 போன்ற கோள் நெபுலாக்களில் தேடலாம் என்றும் சொல்லப்பட்டது. தடை வேறெங்கோ இருந்தது. அதன் முதல் வரி 149.14 மைக்ரோமீட்டரில், 2.01 டெராஹெர்ட்ஸில் இருக்கிறது. 149.09இல் கார்பன்-ஹைட்ரஜன் தனியுறுப்பின் வரி ஒட்டி நிற்கிறது. பழைய கருவிகளால் இரண்டையும் பிரிக்க முடியவில்லை. 2016இல் சோஃபியா என்ற பறக்கும் வானாய்வகத்தின் கிரேட் வாங்கி இரண்டையும் தனித்தனியே காட்டியது. ரோல்ஃப் குஸ்டன் குழு 2019இல் முடிவை வெளியிட்டது.

கணக்கு மட்டும் போதுமா

2012இல் ஸ்பெயினிலுள்ள ஐராம் 30 மீட்டர் தொலைநோக்கியில் ஜெரோம் பெட்டி குழு குதிரைத்தலை நெபுலாவில் ஒரு வரித்தொடரைக் கண்டு, மூன்று கார்பனும் ஒரு ஹைட்ரஜனும் கொண்ட நேரயனி என்று பெயரிட்டது. சுழற்சி மாறிலி கணக்கோடு ஒத்தது. சுழலும்போது மூலக்கூறு எவ்வளவு உருமாறுகிறது என்பதைக் குறிக்கும் மையவிலக்கு உருமாற்ற மாறிலி ஒத்துவரவில்லை. கணக்கு சொன்னதைவிட மிகப் பெரிதாக இருந்தது. 2013இல் சின்சுவான் ஹுவாங், ரையன் ஃபோர்ட்டன்பெரி, திமோதி லீ ஆகியோர் இதைச் சுட்டி, அது நேரயனியாக இருக்க முடியாது, எதிரயனியாக இருக்கலாம் என்று வாதிட்டார்கள். எதிரயனிக்கு இருக்க வேண்டிய மற்ற வரிகள் வானத்தில் இல்லை என்று பிரெட் மெக்வயர் குழு எதிர்வாதம் வைத்தது.

தீர்ப்பு 2014இல் கொலோன் நகரில் வந்தது. சாண்ட்ரா ப்ரூன்கன் குழு அயனிகளை ஒரு பொறியில் பிடித்து, முழுப்பூச்சியத்துக்கு மேல் 4 பாகை வரை குளிர்வித்தது. அந்தக் குளிரில் ஹீலியம் அணுக்கள் அயனியோடு ஒட்டிக்கொள்ளும். எந்தச் சுழற்சிப் படியில் அயனி இருக்கிறதோ அதைப் பொறுத்து ஒட்டும் வேகம் மாறும். சரியான அதிர்வெண்ணில் மில்லிமீட்டர் அலை விழுந்தால் ஒட்டியவற்றின் எண்ணிக்கை மாறுகிறது. அலை எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று பார்க்காமல், அயனிகளை எண்ணி வரியை அளக்கும் முறை இது. வரிகள் பெட்டி குழுவின் அதிர்வெண்களில் வந்தன. நேரயனிதான். கார்பன் சங்கிலியின் வளைவு மிகத் தளர்வாக இருப்பதே அந்தப் பெரிய உருமாற்ற மாறிலிக்குக் காரணம்; கணக்குதான் அந்தத் தளர்வைக் குறைத்து மதிப்பிட்டிருந்தது.

இந்த வழக்கை இன்றைய நிலையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஸ்பெயினின் யெபேஸ் 40 மீட்டர் தொலைநோக்கியில் ஹோசே செர்னிச்சாரோ குழு டிஎம்சி-1 முகிலை 31 முதல் 50 கிகாஹெர்ட்ஸ் வரை மிக ஆழமாக அலசிவருகிறது. 2020 முதல் புரோட்டான் ஏற்ற நீள்சங்கிலிகள் பல அங்கே பெயர்பெற்றிருக்கின்றன. சிலவற்றை அதே வேகத்தில் ஆய்வுக்கூடம் அளந்து உறுதிசெய்தது. புரோட்டான் ஏற்ற சயனோடைஅசெட்டிலீன் போன்ற சிலவற்றுக்கு முழு எண் விகிதமும் உயர்நிலைக் குவாண்டம் கணக்குமே சான்றாக நின்றன. அக்கணக்குகள் இப்போது சுழற்சி மாறிலியைச் சதவீதத்தின் பத்தில் ஒரு பங்குக்குள் சொல்கின்றன என்பது உண்மை. 1970இல் கிளெம்பரர் கையில் இருந்ததோடு ஒப்பிட முடியாத துல்லியம். ஆனால் மூன்று கார்பன் அயனியின் வழக்கில் சுழற்சி மாறிலி பொருந்தியும், இரண்டாம் மாறிலியைத் தவறாகச் சொன்னது அதே வகைக் கணக்குதான். வானத்து அளவீடு சரியாகவே இருந்தது.

2023இல் ஐஆர்சி+10216இன் உறையில் மக்னீசியம் கொண்ட நான்கு நேரயனிகள் அறிவிக்கப்பட்டபோதும் அடிப்படை கணக்கே. உலோகம் தாங்கிய மூலக்கூறு நேரயனிகள் வானத்தில் காணப்பட்டது அதுவே முதல் முறை. வாதமும் வலுவானது, நான் அதை ஏற்கிறேன். ஆயினும் பட்டியல்களில் இவற்றுக்கும் குழாயில் அளக்கப்பட்ட ஃபார்மைல் அயனிக்கும் ஒரே வகையான குறி போடுவது சரியன்று. எந்தப் பெயர் எந்தச் சான்றின்மேல் நிற்கிறது என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். மக்னீசியத்தை லேசரால் ஆவியாக்கி, அசெட்டிலீனோடும் சயனோஅசெட்டிலீனோடும் வினைபுரியச் செய்து, வரும் அயனிகளைக் குளிர்ப்பொறியில் பிடித்து எண்ண வேண்டும். அந்தச் சோதனைக்கு வேண்டிய கருவிகள் இருக்கின்றன. தேட வேண்டிய அதிர்வெண்களை வானம் ஏற்கெனவே சொல்லிவிட்டது.